பாலை மறைப்பது யார்?

ஜூன் மாதத்தில் ஹரியானாவின் மாட்டுக் கொட்டில்களில் ஒரு குற்றச்சாட்டு தவறாமல் எழுகிறது. மார்ச்சில் வேளைக்கு ஆறு லிட்டர் கறந்த முர்ரா எருமை நாலு லிட்டரோடு நின்றுவிடும். "பாலை மறைக்கிறாள்" என்பார் வீட்டுக்காரர். நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் எருமைக்கு வக்கீல் கிடையாது.

எருமை பாலை மறைப்பதும் உண்டுதான். ஆனால் கோடை நஷ்டத்தில் அது சின்னப் பங்கு. பெரிய பங்குக்குக் காரணம், அதன் ரத்தத்தில் ஓடும் ஹார்மோன்கள்.

கறுப்புத் தோல், அதன்மேல் பெயருக்குக் கொஞ்சம் மயிர், பசுவைவிடக் குறைவான வியர்வைச் சுரப்பிகள்: 45 டிகிரி அனல்காற்றில் நிற்க எருமையைப்போல் பொருத்தமற்ற பிராணி வேறில்லை. போதாததற்கு, பால் சுரப்பதே ஒரு அடுப்பு வேலை. தீவனம் வயிற்றில் நொதிக்கும்போதும் மடியில் பால் உருவாகும்போதும் உடம்பு சூடாகிறது. எவ்வளவு அதிகம் கறக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் கறவை தவிக்கிறது.

வெயிலில் தீனி எடுக்காது, அதனால் பால் குறைகிறது என்பதுதான் நெடுநாள் விளக்கம். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஹோல்ஸ்டீன் பசுக்களை வைத்து இதைச் சோதித்தார்கள். சில பசுக்களைச் சூடான அறையில் கட்டினார்கள். குளிர்ந்த அறையிலிருந்த பசுக்களுக்கும், சூட்டில் நின்றவை தின்ற அதே குறைந்த அளவுத் தீனியை மட்டும் கொடுத்தார்கள். 2009இல் வெளியான முடிவு பலரை யோசிக்க வைத்தது. குளிரில் நின்றவற்றுக்கும் பால் குறைந்தது. ஆனால் சூட்டில் நின்றவற்றின் இழப்பில் பாதிகூட இல்லை.

மீதி எங்கே போனது? பட்டினி கிடக்கும் உடம்பில் இன்சுலின் இறங்க வேண்டும். சேமித்த கொழுப்பு கரைந்து எரிபொருளாக வேண்டும். வெப்பத்தில் நடப்பது தலைகீழ். இன்சுலின் ஏறுகிறது, கொழுப்புக் கிடங்கு பூட்டிக்கொள்கிறது, உடம்பு குளுகோஸையே எரிக்கிறது. பாலின் அளவைத் தீர்மானிக்கும் பால்சர்க்கரைக்கு மூலப்பொருளும் அந்தக் குளுகோஸ்தான். வளர்ச்சி ஹார்மோனின் பேச்சைக் கல்லீரல் சரியாகக் கேட்பதில்லை. தைராய்டு இறங்கி அடுப்பைத் தணிக்கிறது. சுருக்கமாக, உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக் கறவை தானே பாலைக் குறைக்கிறது.

இதில் புரோலாக்டின் ஒரு விசித்திரம். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் என்று பெயர் வாங்கியது. கோடையில் ரத்தத்தில் அதிகரிக்கிறது. பால் மட்டும் கூடுவதில்லை. எருமையில் அது வேறொரு வேலையைச் செய்கிறது: கருமுட்டைப்பையை அடக்கி வைக்கிறது. எருமை பருவத்துக்கு வருவதே நின்றுவிடும். வந்தாலும் கத்தாமல், துள்ளாமல், நள்ளிரவில் சத்தமில்லாமல் வந்து போய்விடும். ஊமைப் பருவம் என்கிறார்கள்.

ஜிந்த் மாவட்டக் கிராமம் ஒன்றில் மூன்று எருமை வைத்திருக்கும் ஒரு விதவைப் பெண்ணுக்குச் சென்ற கோடையில் இந்த ஊமைத்தனம் கிட்டத்தட்ட ஒரு எருமையைப் பறித்துவிட்டது. மாட்டு வியாபாரி வந்தார். "தாயீ, இது மலடாகிவிட்டது. இப்போதே தள்ளிவிடுங்கள்" என்று பாதி விலை சொன்னார். "மூன்று கன்று போட்டவள் எப்படி மலடாவாள்?" என்று அவர் கேட்டாலும் கையில் தீவனக் கடன் இருந்தது. மகன் விற்றுவிடலாம் என்றான். கையை விட்டுச் சோதித்த கால்நடை டாக்டர்தான், "முட்டைப்பை தூங்குகிறது, வெயில் தணியட்டும்" என்று தடுத்தார்.

மகனிடம் இன்னொரு யோசனையும் இருந்தது: ஊசி. பசுவின் மடியில் ஐந்தில் ஒரு பங்குப் பாலாவது காம்புக்கு மேலுள்ள குழியில் தயாராக நிற்கும். எருமையில் அது சுமார் 5 சதவீதம்தான். மற்றதெல்லாம் நுண்பைகளில் இருக்கிறது. ஆக்சிடோசின் வந்து பிழிந்தால்தான் இறங்கும். கன்று முட்டினால், பழகிய கை மடியைக் கழுவினால் அது தானாகச் சுரக்கும். பயமோ வலியோ வந்தால் அட்ரினலின் குறுக்கே நிற்கும். எருமை பாலை மறைப்பது என்பது இதுதான். அதை உடைக்கத்தான் வேளாவேளைக்கு ஆக்சிடோசின் ஊசி. பால் அதிகம் கறப்பதற்காகக் கறவைக்குக் கேடான ஊசி போடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2018இல் மத்திய அரசு தனியார் நிறுவனங்கள் அதைத் தயாரிக்கவே தடை போட்டது. பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தத் தாய்மாருக்குத் தேவைப்படும் மருந்தும் அதுதான் என்பதால், அதே ஆண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சட்டம் கிடக்கட்டும். இருக்கிற பாலைப் பிழியத்தான் ஊசிக்குத் தெரியும். உடம்பு உருவாக்காத பாலை எங்கிருந்து இறக்கும்?

எருமை கேட்பது தண்ணீர். ஊர்க் குளத்தில் பகலெல்லாம் அமிழ்ந்து கிடந்த காலத்தில் இந்தச் சிக்கல் பாதி அங்கேயே கரைந்தது. ஹரியானாவில் அந்தக் குளங்களில் பல இன்று தூர்ந்தும் சாக்கடை கலந்தும் கிடக்கின்றன. கோடையோ முந்திக்கொண்டு வருகிறது. 1901க்குப் பிறகு நாடு கண்ட மிக வெப்பமான மார்ச் 2022இல் வந்தது. குளம் இல்லாத வீட்டில் நிழல், விசிறி, உடம்பு நனையத் தெளிக்கும் தண்ணீர், வெயில் இறங்கிய பிறகு தீவனம் என்று சமாளிக்க வேண்டியிருக்கிறது.

அந்த நிழலும் கறக்கும் மாட்டுக்குத்தான் முதலில் போகிறது. சினையாக இருந்து பால் வற்றிய மாடு வெயிலிலேயே நிற்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வுகள் சொல்வது வேறு. ஈனுவதற்கு முந்தைய ஒன்றரை மாதம் வெப்பத்தில் வாடிய பசு அடுத்த ஈற்றில் குறைவாகக் கறக்கிறது. அப்போது அதன் வயிற்றிலிருந்த கிடாரியும் வளர்ந்தபின் குறைவாகவே கறக்கிறது.

ஜிந்த் எருமை அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு விடியற்காலை கத்தியது. சினை ஊசி பிடித்தது. எருமையின் சினைக்காலம் சுமார் பத்து மாதம். ஆகஸ்டில் ஈன வேண்டும். அதாவது ஜூனும் ஜூலையும் பால் வற்றிய மாதங்கள். இருக்கும் ஒரே விசிறியை அதற்குத்தான் போட வேண்டும் என்று அந்தப் பெண் இப்போதே சொல்லிவிட்டார். பால் தராத மாட்டுக்கு எதற்கு விசிறி என்று மகன் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறான்.