காவல் நாய் வேண்டுமா? காப்பகத்தையும் பாருங்கள்

தோட்டக் காவலுக்கு எந்த ஜாதிக் குட்டி வாங்கலாம் என்று விவசாயிகள் கேட்பதுண்டு. காசு கொடுக்கும் முன் நாய்கள் காப்பகத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள் என்பேன். எங்கள் கருப்பி அங்கிருந்து வந்ததுதான். வளர்ந்த நாய் என்பதால் குணம் தெரிந்தே எடுத்தோம். வந்த ஒரு மாதம் குரைக்கவே இல்லை. ‘தண்டச்சோறு’ என்ற அம்மா, இன்று அதற்கு வைக்காமல் சாப்பிடுவதில்லை.

காது நுனி வெட்டியிருந்தால் கருத்தடை முடிந்தது என்று அர்த்தம். வெறிநோய்த் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள்; ஆண்டுதோறும் தவறாமல் ஊசி போடுங்கள். முதல் சில வாரங்கள் ஆடு, கோழியுடன் தனியே விடாதீர்கள். வயலில் எலிக்கு ஜிங்க் பாஸ்பைடு வைக்கும் நாட்களில் கட்டிப் போடுங்கள்; அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது.