பட்டாளத்தார் வீட்டோடு வந்த பிறகு

பட்டாளத்துக்காரருக்கு வாழ்க்கைப்பட்டால் பிரிவுதான் பெரிய கஷ்டம் என்பார்கள். அது பழகிவிடும். ஆள் பென்ஷனில் வந்து திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் குடித்தனமே ஆரம்பித்தது.

எங்கள் பழைய வட ஆற்காட்டுப் பக்கம் பட்டாளம் புதிதில்லை. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே ஒரு பேர். 1962 சீனச் சண்டைக்குப் பின் ஆளெடுப்பு மும்முரமாக நடந்தபோது எங்கள் வீட்டுக்காரரும் பெங்களூர் போய் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். 1780-இல் தொடங்கிய படை அது. அந்தப் படைக்காரர்களை ராணுவத்தில் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. பெண் பார்க்க வந்தவர்கள் “பாலம் கட்டுற உத்தியோகம்” என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். கொத்தனார் வேலை போலிருக்கிறது, ஆபத்தில்லை என்று நானும் தலையாட்டினேன்.

பீஸ் ஸ்டேஷன் கிடைத்தால் குவார்ட்டர்ஸுக்குக் காத்திருந்து எங்களை அழைத்துக்கொள்வார். ஃபீல்டு என்றால் இன்லேண்ட் கடிதம்தான். விலாசத்தில் நம்பர், பேர், யூனிட், கடைசியில் 56 ஏ.பி.ஓ. என்ற பட்டாளத் தபால் நம்பர். ஊர்ப்பேர் இருக்காது. “அந்த அம்பத்தாறுக்கு இங்கேயிருந்து பஸ் போகுதாடி?” என்று மாமியார் கேட்பார்.

1971 டிசம்பர் 3-ஆம் தேதி பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. 17-ஆம் தேதி மேற்கு எல்லையிலும் துப்பாக்கி ஓய்ந்தது என்று ரேடியோவில் கேட்டதும் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். ஆள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கடிதத்திலும் இல்லை. மாதங்கள் கழித்து லீவில் வந்தவர் சொன்னார்: “சண்டை முடிஞ்சா மத்தவங்களுக்கு வேலை முடிஞ்சுது. எங்களுக்கு அப்பத்தான் ஆரம்பம்.” புதைத்த வெடியை எல்லாம் திரும்ப எடுக்க வேண்டுமே. மண்ணில் குனிந்து, கம்பியைச் சாய்வாக விட்டுத் துழாவி, ஒவ்வொன்றாக. புதைத்த கணக்கும் எடுத்த கணக்கும் பொருந்த வேண்டும். ஒன்று குறைந்தாலும் மறுபடி தேட வேண்டும். அந்த நிலத்தில் ஏர் ஓட்டக் குடியானவன் காத்திருப்பான். இதையெல்லாம் சோறு பிசைந்துகொண்டே சொன்னார். நான் பொங்கல் வைத்த நாளில்தான் அவர் அந்த வேலைக்கே இறங்கியிருக்கிறார்.

எண்பதுகளின் கடைசியில் அவில்தாராகப் பென்ஷன் வந்தார். அதற்குள் நிலத்துக் குத்தகை, பிள்ளைகள் படிப்பு, மாமியாரின் கடைசிக் காலம் எல்லாம் என் தலையிலேயே நடந்து முடிந்திருந்தன. வந்த வாரமே அடுப்படி டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டினார்: துவரை, உளுந்து, கடலை. விடியுமுன் பிள்ளைகளை எழுப்பிப் போர்வை மடிக்கச் சொன்னார். நான் வாசல்படி தாண்டினால் “எங்கே போறே, எப்ப வருவே?” என்றார். அத்தனை வருஷம் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. “லீவு எழுதிக் கொடுக்கணுமாங்க?” என்றேன். அவர் பதில் பேசவில்லை.

மறுநாள் பார்த்தால் ஈரத்துணியோடு உட்கார்ந்து சீட்டுகளை நனைத்து உரித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு கண்ணிவெடி நிலத்தில் கால் வைப்பது போலத்தான் என் அடுப்படியில் கால் வைத்தார். நிலைப்படியில் நின்று “உள்ளே வரலாமா?” என்பார். முதலில் கேலியோ என்று பார்த்தேன், கேலியில்லை. நானும் அவர் கேட்கும் முன்னாலேயே போகிற இடத்தைச் சொல்லிவிட்டுப் போகப் பழகினேன். எழுதும்போது ரெண்டு வரியில் முடிந்துவிடுகிறது. பழகுவதற்கு வருஷங்கள் பிடித்தன. காதல் என்று இப்போது பிள்ளைகள் பேசுகிறார்களே, எங்களுக்கு அது பேரப்பிள்ளை பிறந்த சமயத்தில்தான் வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

ஒருநாள் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவு, ஜாயின்ட் போட்டோ எல்லாவற்றையும் பரப்பி வைத்து உட்கார்ந்தார். பட்டாள ரெக்கார்டில் என் பேர் ஒருவிதமாகவும் ரேஷன் கார்டில் வேறுவிதமாகவும் இருந்ததாம். “நான் போனா ஒரு எழுத்துக்காக உன்னை அலைய விடுவாங்க” என்றார். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு இது?” என்று நான் கத்தினேன். அவர் பாட்டுக்கு வேலூருக்கு நடையாய் நடந்தார்; எழுதிப்போட்டார்; பதில் வராவிட்டால் மறுபடி எழுதினார். திருத்தம் வந்த பிறகு, முதலில் எங்கே தகவல் சொல்ல வேண்டும், எந்தக் காகிதத்துக்கு எத்தனை நகல் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கோப்பில் வைத்தார்.

அவர் காலமாகிக் கருமாதி முடிந்ததும் மகன் அந்தத் தாளை எடுத்தான். அவர் எழுதிய வரிசையிலேயே போனோம். குடும்பப் பென்ஷன் சிக்கலில்லாமல் வந்தது. அதே தெருவில் இன்னொருத்திக்கு ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததால் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவள் நான். வருஷா வருஷம் நவம்பரில் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்கப் போகும்போது அப்படி அலைகிற இன்னும் எத்தனையோ பேரைப் பார்க்கிறேன்.

போன மாதம் எதிர்வீட்டு மருமகள் வந்தாள். புருஷன் காஷ்மீரில் இருக்கிறான். “உன் பேரு பட்டாள ரெக்கார்டில் சரியா இருக்கா, ஆதாரோட ஒத்துப் பார்த்தியா?” என்றேன். “இப்ப எதுக்கு பாட்டி அதெல்லாம்?” என்று முகத்தைச் சுளித்தாள். சுளிக்கட்டும். அவன் லீவில் வந்ததும் ரெண்டு பேருமாகக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.