கேட்டுக்கு வெளியே கிடைத்த கிருபை

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், காஞ்சிபுரம் பஸ் சுங்குவார்சத்திரம் கூட்ரோட்டில் நிற்கும். தெற்கே வாலாஜாபாத் சாலை, வடக்கே மப்பேடு வழியாகத் திருவள்ளூர் சாலை. 2000-களின் பிற்பகுதியில் நான் அங்கே போய் இறங்கியபோது, நெடுஞ்சாலையை விட்டு நாலு எட்டு நடந்தால் ஏரிக்கரையும் நெல்வயலும்தான். வயலுக்கு நடுவே வாடகைக்கென்றே மாடிவீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. விழுப்புரம், திருவண்ணாமலை, அரியலூர், ராமநாதபுரம் என்று எந்த மாவட்டத்துப் பெண்ணும் அந்த அறைகளில் இருப்பாள். இருட்டு விலகும் முன்பே, கழுத்தில் ஐடி கார்டோடு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிற்போம். நைட் ஷிஃப்ட் முடிந்தவர்கள் எதிர்ப்பக்கம் இறங்குவார்கள்.

எங்கள் சபை ஒரு மளிகைக்கடை மாடியில், தகரக்கூரை போட்ட கூடத்தில் கூடியது. ஒரு கீபோர்டு, விரிக்கப் பாய்கள், அவ்வளவுதான். நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக ஆராதனைக்கு வந்து, பிரசங்கத்தில் சுவரோரம் சாய்ந்து தூங்கிவிடும் பெண்களை எழுப்பவே கூடாது என்பார் பாஸ்டர் ஐயா. ஜெப விண்ணப்பங்களில் எங்கள் வாழ்க்கை மொத்தமும் இருக்கும்: வேலை பர்மனென்ட் ஆகணும், தம்பிக்கு ஃபீஸ் கட்டணும், அப்பா குடியை விடணும்.

ஒரு டிசம்பர் 31 இரவு ஆராதனை எனக்கு மறக்காது. பன்னிரண்டு மணி ஜெபம் முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகளை ஒரு எவர்சில்வர் தட்டில் கவிழ்த்துப் பரப்பி வைப்பார்கள். ஒவ்வொருவராக வந்து, கண்மூடி ஜெபித்து, ஒன்றை எடுக்க வேண்டும். என் அறைத்தோழிக்கு வந்தது எரேமியா 29:11. தம் மக்களுக்காகத் தேவன் நல்ல எதிர்காலத்தை நினைத்து வைத்திருக்கிறார் என்று சொல்லும் வசனம். அவள் அதைப் பார்த்ததும் அழுதாள். அந்த வாரம்தான் ஒரு கம்பெனி அவளைக் கண் பரிசோதனையில் கழித்துவிட்டிருந்தது. கூடவே போன மற்ற பெண்களுக்கெல்லாம் வேலை கிடைத்திருந்தது. “அவங்களையெல்லாம் எடுத்தவரு என்னை மட்டும் ஏன் வேணாம்னுட்டாரு?” என்று கேட்டாள்.

யாருக்கும் பதில் வரவில்லை. கூட்ரோட்டில் இட்லிக்கடை போட்டிருந்த ஆயா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “கம்பெனிக்காரன் கண்ணு பாத்து எடுக்கறான், மார்க் பாத்து எடுக்கறான். கர்த்தரு உன்கிட்ட இன்னாத்தப் பாத்து எடுத்தாரு? ஒண்ணும் பாக்கல. பாக்காமயே எடுத்தவரு, இப்பப் பாத்துட்டா உட்டுடப் போறாரு?”

நான் கேட்ட பிரசங்கங்களில் இதற்கு ஈடானது குறைவு. வேதாகமம் முழுக்க இதுதானே! எண்ணிக்கையில் பெரிய ஜனம் என்பதற்காகத் தேவன் உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை என்று இஸ்ரவேலரிடம் மோசே சொல்கிறார். ஈசாயின் ஏழு பிள்ளைகளையும் தாண்டி, ஆடு மேய்க்கப் போயிருந்த கடைசிப் பையனுக்காகச் சாமுவேல் காத்திருக்கிறார். யாக்கோபு நன்மையோ தீமையோ செய்வதற்கு முன்பே, தாயின் வயிற்றில் இருக்கும்போதே தெரிந்துகொள்ளப்பட்டதாகப் பவுல் எழுதுகிறார். கிருபை என்பது தகுதிக்குக் கொடுக்கும் சம்பளம் அல்ல.

இந்த மண்ணுக்கு அந்தச் செய்தி புதிதும் அல்ல. மிஷனரி ஜான் ஆண்டர்சனின் பெயரில் இன்றும் இயங்கும் காஞ்சிபுரம் பள்ளி 1839-இல் தொடங்கியது. அவர் வந்த ஸ்காட்லாந்து திருச்சபை, தேவனுடைய தெரிந்துகொள்ளுதலை அழுத்திப் போதித்த கால்வின் மரபைச் சேர்ந்தது. பிறப்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று சொல்லிச் சேரியில் ஒதுக்கப்பட்டிருந்த மக்களிடம், பிறப்பைப் பார்க்காத ஒருவர் உங்களைத் தெரிந்துகொண்டார் என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்! அதே மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பக்கம் ஊழியம் செய்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடியும் அந்த மக்களின் நில உரிமைக்காகவும் வாதாடினார்கள். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீரின் 1891 அறிக்கையும், அடுத்த ஆண்டு பஞ்சமி நிலத்துக்கான அரசாணையும் வந்த காலம் அது.

கிருபையைப் பற்றிய பேச்சு இந்தப் பக்கத்தில் அதற்கும் வெகு காலம் முந்தியது. 1017-இல் ராமானுஜர் பிறந்தது ஸ்ரீபெரும்புதூரில். அவருக்குப் பின்வந்த வைணவர்கள், குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் நாம் இறைவனைப் பற்ற வேண்டுமா, தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல் அவனே நம்மைத் தூக்கிச் செல்வானா என்று வாதிட்டார்கள். அந்த மரபில் ஊறி வளர்ந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858-இல் கிறிஸ்தவரானார். பின்னாளில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ எழுதினார். ஆயா சொன்னதைக் கேட்டிருந்தால் அவர் ஆமென் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

சாட்சி நேரத்தில் வேலை கிடைத்தவர்கள் நன்றி சொல்வது நல்லதுதான். ஆனால் வேலை கிடைத்ததே தேவன் தெரிந்துகொண்டதற்கு அடையாளம் என்றால், கிடைக்காதவர்களுக்கு என்ன சொல்வது? 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்றது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். அவர்களைத் தேவன் கைவிட்டுவிட்டார் என்று எந்த வாயால் சொல்ல முடியும்?

நடப்பதையெல்லாம் தேவ சித்தம் என்று வாய்மூடி ஏற்றுக்கொள்வதும் விசுவாசம் ஆகாது. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் நோயில் விழுந்தபோது பெண் தொழிலாளர்கள் இதே நெடுஞ்சாலையில் உட்கார்ந்து நியாயம் கேட்டார்கள். கெட்டுப்போன சாப்பாடு தேவ சித்தம் அல்ல. மனிதர் செய்த தவறு. தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவள் என்று தன்னை அறிந்த பெண் யாருக்கு முன்னாலும் தலைநிமிர்ந்து பேசலாம்.

ஊர் மாறிவிட்டது. நெல்வயல்கள் குறைந்துவிட்டன. 2024 ஆகஸ்டில், பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறந்தார்கள். எங்கள் காலத்தில் அப்படி ஒன்று கிடையாது. என் தோழிக்குக் கடைசிவரை கம்பெனி வேலை அமையவில்லை. தையல் கற்றுக்கொண்டு ஊரில் கடை வைத்திருக்கிறாள். அன்று கேட்ட கேள்விக்கு இன்றும் அவளிடம் பதில் இல்லை. ஆனாலும் அவள் ஜெபிக்கிறாள்.

இன்று ஏதோ ஒரு கம்பெனி கேட்டில், ஒட்டிய பட்டியலில் தன் பெயரைத் தேடிக் காணாமல் நிற்கும் தங்கைக்குச் சொல்கிறேன்: அது கம்பெனியின் பட்டியல் மட்டும்தானம்மா. அதைத் தேவனுடைய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன்னிடம் ஒன்றும் பார்க்காமலேயே உன்னைத் தெரிந்துகொண்டவரை நம்பு.