எது ஜாஸ்தியோ அது!

பி.காம். படித்தவனுக்கு எந்தச் சாமானுக்கும் மதிப்பு போடத் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. போன வருஷம் வரைக்கும்.

மன்னார்குடியில் என் பெரியப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணமோ, காதுகுத்தோ, கோயில் திருவிழாவோ... அவருடைய கூம்பு ஸ்பீக்கர் தென்னை மரத்தில் ஏறினால்தான் ஊருக்கே விஷயம் தெரியும். அவர் காலமான பிறகு கடையைக் காலி செய்தபோது, பரண் மேல் ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. திறந்தால், 143 இசைத்தட்டுகள்.

பழைய சாமான்காரர் பெட்டியைக் காலால் நகர்த்திப் பார்த்துவிட்டு, "மொத்தமா அறுநூறு தரேன்" என்றார். அண்ணன் தலையாட்டுவதற்குள் நான் குறுக்கே பாய்ந்தேன்.

"அண்ணே, இதெல்லாம் பொக்கிஷம். லட்சத்துக்குக் குறையாது!"

லட்சக் கணக்கு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? 1960-களில் பீட்டில்ஸ் பாட்டுகள் இந்தியாவில் 78 சுழல் அரக்குத் தட்டுகளாகவும் வெளிவந்தன. அப்போது வெளிநாடுகளில் வினைல் வந்து அரக்குத் தட்டு அநேகமாக ஒழிந்தே போயிருந்தது. அதனால் நம் ஊர்த் தட்டுக்கு அங்கே ஏக கிராக்கி என்று எப்போதோ படித்திருந்தேன். மன்னார்குடி கல்யாணத்தில் பீட்டில்ஸுக்கு என்ன வேலை என்று என் மூளைக்கு அப்போது தோன்றவில்லை.

இன்னொரு சிக்கல். பெரியம்மாவுக்குக் காது மந்தம். எவ்வளவு கத்தினாலும் பாதிதான் விழும். அன்றைக்கு நான் சொன்னதில் 'லட்சம்' மட்டும் தெளிவாக விழுந்துவிட்டது! மறுநாளே போய் 24,000 ரூபாய்க்கு ஒரு காது மெஷினுக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். "தம்பி பெட்டியை வித்துத் தரேன்னு சொல்லியிருக்கான். இப்போதைக்கு ஒரு காது. மீதிப் பணத்துல இன்னொரு காது."

பெட்டியோடு சென்னைக்கு வந்து சேர்ந்தேன். பீட்டில்ஸ் இல்லை. எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் மட்டும் மூன்று பிரதி இருந்தது.

சரி, சுத்தமாக இருந்தால் விலை கூடுமே என்று, கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் வைத்திருந்த சானிடைசரைப் பஞ்சில் நனைத்து, ஒரு 78 சுழல் தட்டைத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாகியது. ஆஹா, எவ்வளவு அழுக்கு என்று இன்னும் அழுத்தித் துடைத்தேன். மூன்று தட்டு முடிந்த பிறகுதான் உறைத்தது, வந்தது அழுக்கு இல்லை, தட்டு!

அந்தக் காலத்துத் தட்டு, கல் தூளை அரக்கில் குழைத்துச் செய்தது. புரசு மாதிரி மரங்களில் ஒரு பூச்சி சுரக்கிற பிசின்தான் அரக்கு. பாண்டவர்களுக்கு துரியோதனன் கட்டிக் கொடுத்த மாளிகையும் இதே சரக்குதான். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தச்சர்கள் மேஜைக்குப் போடுகிற பாலீஷே அப்படிக் கரைத்ததுதான். நான் மூன்று பாட்டுகளைப் பாலீஷ் ஆக்கியிருந்தேன்.

அதற்கு மேல் என்னை நம்ப எனக்கே தைரியம் வரவில்லை. பல வருஷமாகத் தட்டு சேகரிக்கிற ஒரு பெரியவரிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். லேபிளுக்கும் கடைசி வரிக்கும் நடுவே பொறித்திருக்கிற எண்ணை லென்ஸ் வைத்துப் படித்தார். அது எந்த அச்சு என்பதை அந்த எண் சொல்லிவிடுமாம்.

"இது 'குட்' தம்பி" என்றார் ஒன்றை எடுத்து. நான் சந்தோஷப்பட்டேன்.

"சந்தோஷப்படாதீங்க. இந்த உலகத்துல 'மின்ட்'தான் புதுசு. அடுத்தது 'நியர் மின்ட்'. அப்புறம் 'வெரி குட் ப்ளஸ்', 'வெரி குட்'. 'குட்'னா தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம்."

புரிந்துவிட்டது. ஆபீஸ் ரிப்போர்ட்டில் 'திருப்திகரம்' என்று எழுதினால் பிரமோஷன் கிடைக்காது என்று அர்த்தமில்லையா, அந்த மாதிரி!

"சார், சுப்ரபாதம் மூணு இருக்கு. 1963-ல வந்தது. எவ்வளவு பழசு!"

"பழசுக்கு விலை கிடையாது தம்பி. வீட்டுக்கு வீடு வாங்கினாங்க, பத்திரமா வெச்சிருந்தாங்க. அதனால இன்னிக்கும் நிறையக் கிடைக்குது. அபூர்வமா இருக்கணும், அதைத் தேடுறவன் இருக்கணும், தட்டும் நல்லா இருக்கணும். மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் விலை இறங்கிடும்."

1933-ல் 27 வயதிலேயே மறைந்த கிட்டப்பாவின் தட்டு ஒன்றும் இருந்தது. அபூர்வம், தேடுகிறவர்களும் உண்டு. ஆனால் ஓரத்திலிருந்து லேபிள் வரை மயிரிழை விரிசல். பெருமூச்சு விட்டுத் தள்ளி வைத்தார்.

"இன்டர்நெட்ல இதே பாட்டு அம்பதாயிரம்னு போட்டிருக்காங்களே?"

"அது கேக்குற விலை. கைமாறின விலை எவ்வளவுன்னு பாருங்க."

முதல் வருஷத்திலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். கையிருப்புச் சரக்கை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிடு! பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதோடு மறந்துபோயிருந்தேன்.

பெட்டியின் அடியில் ஆறு எல்.பி. தட்டுகள். உறைக்குள் பெரியப்பா கையெழுத்தில் ஒரு சீட்டு: 'செட் வாடகை பாக்கிக்குப் பதில், 6 தட்டு, 1987.' எவரோ ஒரு கல்யாண வீட்டுக்காரர் பணம் தர முடியாமல் கொடுத்தவை. அதற்குள் பெரியப்பா கேசட்டுக்கு மாறிவிட்டார். எரிச்சலில் தூக்கி உள்ளே போட்டதோடு சரி, ஒருநாள்கூட ஓட்டவில்லை. எல்லாம் இளையராஜா. அதில் ஒன்று, 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்'.

பெரியவர் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "நியர் மின்ட்!"

வாராக்கடன் என்று எழுதித் தள்ளியதுதான் கடைசியில் சொத்தாக நின்றது. ஹவ் டு நேம் இட் 4,000. மற்ற ஐந்தும் தலா 1,200. மிச்சமிருந்த 44 எல்.பி.க்களும் தலா நூறு. சின்னத் தட்டுகள் 32, தலா ஐம்பது. அரக்குத் தட்டில் தேறியவை 41, தலா அறுபது. ஆக மொத்தம் 18,460 ரூபாய். விரிசல், உடைசல், என் பாலீஷ் எல்லாம் சேர்த்து 19 அரக்குத் தட்டுக்குப் பூஜ்யம்.

இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. ஒரு சின்னத் தட்டு. பிள்ளையார் பாட்டு. எந்த விசேஷமானாலும் பெரியப்பா முதலில் போடுவது அதைத்தான். லேபிளில் எழுத்தே இல்லை, வரிகள் வெளுத்துக் கிடந்தன. பெரியவர் அதை வெளிச்சத்தில்கூடப் பிடிக்கவில்லை. "இதுக்கு ஒண்ணும் கிடைக்காது."

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அதை நினைத்துக்கொண்டே வந்தேன். பெரியப்பா ஆசை ஆசையாகப் போட்டதெல்லாம் தேய்ந்து பைசா பெறவில்லை. வேண்டாமென்று மூலையில் போட்டதுக்குத்தான் காசு!

பெரியம்மா காதருகே கத்தி, கணக்கை ஒப்பித்தேன். லட்சம் பதினெட்டாயிரமான கதையை முகம் மாறாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"அப்படின்னா என்னை வித்தா நல்ல விலை போவேன்டா. நாப்பது வருஷம் என்னோட நாலு வார்த்தை பேச அவருக்கு நேரமில்லே. உறை பிரிக்காமதான் வெச்சிருந்தார்."

சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். பேச்சை மாற்ற, பிள்ளையார் தட்டை எடுத்துக் காட்டினேன். "இதை நான் வெச்சுக்கட்டுமா பெரியம்மா?"

"மெஷினுக்கு இன்னும் எவ்வளவு வேணும்?"

"5,540."

"அதைக் குடுத்துட்டு எடுத்துக்கோ."

"இதுக்குச் சந்தையில பூஜ்யம் பெரியம்மா! எது குறைவோ அதைத்தான் போடணும்னு கணக்குல ஒரு விதி இருக்கு!"

"அது உன் காலேஜ்ல. இங்கே எது ஜாஸ்தியோ அது."

கொடுத்தேன். வாய்க்கொழுப்புக்கு அபராதம் என்று என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

மெஷின் வந்த அன்றைக்கு, பெரியப்பாவின் பழைய பிளேயரைத் தட்டிக் கொட்டி ஓட வைத்து, அந்தத் தட்டைப் போட்டேன். முழுக்கக் கரகரப்பு. நடுநடுவே பிள்ளையார். பெரியம்மா மெஷினை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரை கேட்டார்.

"இவ்வளவு மோசமாவா இருந்தது? மூணு தெரு தள்ளி நம்ம வீட்டுத் திண்ணையில உக்காந்து கேக்கறப்ப நல்லாத்தான்டா இருந்தது" என்றவர், கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"இன்னொரு தடவை போடு."