கீரைப் பாத்தியும் கரும்பலகையும்

எங்கள் நாட்டில் வீட்டுத்தோட்டம் என்பது பஞ்சகாலத்து ஞானம். கப்பல் வராதபோது அது பிறக்கும். கப்பல் வந்ததும் மறைந்துவிடும். பத்திரிகைத் தொழிலில் பல தசாப்தங்களைக் கழித்தவன் என்ற முறையில் இந்தப் பிறப்பையும் மறைவையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது, யாழ்ப்பாணத்து விவசாயி மிளகாயிலும் வெங்காயத்திலும் தலைநிமிர்ந்தான். பாணுக்கு வரிசையில் நின்றவர்கள் மரவள்ளிக் கிழங்கை அவித்து உண்டார்கள். 1990களில் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபோது, வளவில் நின்ற முருங்கையும் பப்பாசியும் பனையும் பல குடும்பங்களைக் காப்பாற்றின. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை கைவிடப்பட்டது. மறு ஆண்டு நாடே நொடித்தபோது, வீட்டில் பயிர் செய்யுமாறு கூறி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அரசாங்கம் தீர்மானித்தது. அந்த வெள்ளிக்கிழமைகளில் நாட்டப்பட்டவற்றில் இன்று எத்தனை எஞ்சியிருக்கின்றன?

செய்தி ஆசிரியரின் மேசைக்கு வந்து சேரும் படங்களில் ஒருவகை உண்டு. ஒரு பிரமுகர் மரக்கன்றுக்கு நீர் ஊற்றுவார். இன்னொருவர் விதைப் பொதியை நீட்டுவார். அதைப் பெறும் பெண்மணி கமெராவைப் பார்ப்பார். இத்தகைய படங்கள் நூற்றுக்கணக்கில் என் கைகளைக் கடந்து சென்றிருக்கின்றன. ஆனால் அதே மரம் ஆறு மாதங்களின் பின் எப்படி நிற்கிறது என்று காட்டும் படம் ஒன்றேனும் வந்ததாக நினைவில்லை.

இரணைமடுக் குளத்தின் நீர் பாயும் வயல்களை அண்டிய ஒரு கிராமத்துக்குச் சில காலத்துக்கு முன் சென்றிருந்தேன். நெல் விளைகின்ற பூமி. போரினால் இடம்பெயர்ந்து, மீளக் குடியமர்ந்த மக்கள். அங்கே பணியாற்றும் குடும்பநல உத்தியோகத்தர் கவலையோடு ஒரு விடயத்தைச் சொன்னார். "ஒரே வீட்டிலை அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம், மகளுக்கு இரத்தச்சோகை, பேரப்பிள்ளை நிறை குறைவு. மூன்று பேருக்கும் மூன்று கிளினிக். ஆனால் வளவிலை ஒரு கீரைப் பாத்தி இல்லை, சேர்."

நெல் கொழும்புக்குப் போகிறது. கொழும்பிலிருந்து பிஸ்கட் பெட்டி வருகிறது. காலையில் என்ன உண்டீர்கள் என்று பாடசாலைப் பிள்ளைகளைக் கேட்டேன். பலர் தேநீரும் பிஸ்கட்டும் என்றார்கள். சிலர் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்தச் சிறிய பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியை செய்ததைத்தான் நான் இங்கு பதிவுசெய்ய விரும்புகிறேன். அவர் முதலில் மண்வெட்டியைத் தூக்கவில்லை. பிள்ளைகள் அருந்தும் மென்பானங்களின் வெற்றுப் போத்தல்களை வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னார். நூறு மில்லிலீற்றருக்குப் 10 கிராம் சீனி என்று அச்சிடப்பட்டிருந்தால் 400 மில்லிலீற்றர் போத்தலில் எவ்வளவு? நாற்பது கிராம், ஏறத்தாழப் பத்துத் தேக்கரண்டி. பிள்ளைகள் அந்த அளவு சீனியைத் தராசில் நிறுத்து, கண்ணாடிக் குவளைகளில் இட்டுப் பெற்றோர் கூட்டத்தில் வரிசையாக வைத்தார்கள். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆசிரியை பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. குவளைகளே பேசின.

அதன் பின்னரே பாத்திகள் வந்தன. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பாத்தி. முளைக்கீரை, பயற்றை, வெண்டி, கத்தரி. முதற்போகம் தப்பவில்லை. விடுமுறையில் கட்டாக்காலி மாடுகள் புகுந்து ஒரே இரவில் அனைத்தையும் மேய்ந்துவிட்டன. தோட்டம் அத்துடன் முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினார்களாம். ஆனால் அழுதுகொண்டு வீடு சென்ற பிள்ளைகள் தந்தையரைச் சும்மா விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தந்தையர் கத்தியும் கயிறுமாக வந்து அலம்பல் வேலி அடைத்துக் கொடுத்தார்கள். பாடசாலைத் தோட்டம் கிராமத்தின் தோட்டமாக மாறியது அன்றுதான்.

பாட்டிமாரும் பாடம் நடத்த அழைக்கப்பட்டார்கள். இலைக்கஞ்சிக்கு எந்தெந்த இலை சேரும், தவசி முருங்கையை எப்படிச் சுண்டுவது, கீரையை அடுப்பால் இறக்கிய பின்னரே தேசிக்காய்ப் புளி விடுவது ஏன் என்றெல்லாம் கேள்விகள் எழுந்தன. "இறக்காமல் விட்டால் கைக்கும், தம்பி" என்றார் ஒரு பாட்டி. ஆசிரியை அதற்கு மேலும் ஒரு காரணம் சொன்னார். கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் உறிஞ்ச உயிர்ச்சத்து சி துணைபுரிகிறது. கொதிக்கக் கொதிக்க அந்த உயிர்ச்சத்து அழிந்துவிடும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் இரும்புச் சத்து உறிஞ்சப்படுவது குறையும். கீரைக்குத் தேங்காய்ப்பால் விடுவதிலும் பயன் உண்டு. கீரையிலிருந்து கிடைக்கும் உயிர்ச்சத்து ஏ உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். அம்மம்மாவின் கைப்பக்குவத்தில் இத்தனை விஞ்ஞானம் இருந்ததைக் கண்டு பிள்ளைகள் வியந்தார்கள்.

எனினும் எல்லாம் இன்பமயம் என்று எழுதினால் அது செய்தியாகாது. ஓர் இளம் தாய் என்னிடம் நேராகவே சொன்னார்: "ஐயா, கீரை வளர்க்க வளவு இருக்கு. கீரை ஆயிறதுக்கு நேரம்தான் இல்லை." விடியுமுன் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, இருட்டிய பின் வீடு திரும்புபவர் அவர். வீட்டுத்தோட்டம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லின் பாரம் பெரும்பாலும் பெண்ணின் தலையிலேயே ஏறுகிறது என்பதைத் திட்டம் தீட்டுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. நாள்தோறும் பராமரிப்புக் கேட்காத முருங்கை, அகத்தி, பப்பாசி, கறிவேப்பிலை ஆகியவற்றை முதலில் வளவில் நாட்டலாம். கிணற்றடியில் வழிந்தோடும் நீரே வாழைக்குப் போதும். கீரை ஆய்வதும் தண்ணீர் ஊற்றுவதும் ஆண்பிள்ளைகளுக்கும் உரிய வேலை என்று பாடசாலை சொல்லிக் கொடுக்க, அந்தத் தாயின் மகன் இப்போது பின்னேரங்களில் கீரை ஆய்ந்து வைக்கிறான். அந்தப் பாடசாலையின் பெரிய சாதனை எதுவென்று என்னைக் கேட்டால், இதையே சொல்வேன்.

இலங்கைக்கு இந்த வழி புதியதல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டபோதே, நோய் வந்தபின் வைத்தியசாலைக்கு ஓடுவதைவிட வீட்டுக்கு வீடு சென்று நோயைத் தடுப்பதே மேல் என்ற எண்ணம் இங்கு வேரூன்றியது. மருத்துவமாதர் படலையைத் திறந்துகொண்டு வந்து தாய்சேய் நலம் விசாரிக்கும் நாடு இது. அந்தப் படலைக்குள் ஒரு பாத்தியும் இருந்தால் அவருடைய பாதி வேலை குறையும்.

அந்தப் பாடசாலையில் ஒரு கொப்பி உண்டு. விதை பெறும் பிள்ளை, அடுத்த போகத்தில் அதை இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கணக்கு அந்தக் கொப்பியில் எழுதப்படுகிறது. இங்கே விதை தானமாக வருவதில்லை, கடனாக வருகிறது. தானமாகக் கிடைத்த விதைப் பொதி பல வீடுகளில் இறப்பிலேயே செருகப்பட்டுக் கிடக்க, கடனாகப் பெற்ற விதை மண்ணுக்குள் போகிறது.

புலம்பெயர்ந்து வாழும் என் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்க் கோயிலுக்கும் மண்டபத்துக்கும் நீங்கள் அனுப்பும் உதவி பெரிது. அதை நான் குறைகூறவில்லை. ஆனால் ஒரு பாடசாலைக் கிணற்றைத் தூர்வாரவும், ஒரு நீர்ப்பம்பி வாங்கவும், ஒரு வேலி அடைக்கவும் அதில் ஒரு சிறு பங்கு போதும். அனுப்பிய பின் படம் கேட்காதீர்கள். ஆறு மாதம் பொறுத்திருந்து, பிள்ளைகள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.