கடல் கொண்ட பட்டினம்

பாடநூலில் படித்த புகார் நகரை நேரில் காணப்போகும் களிப்பில், அம்பத்தூரிலிருந்து பேருந்தில் பாடிக்கொண்டே சென்றோம். சோழரின் துறைமுகத் தலைநகரம் அல்லவா! ஈழத்திலிருந்து உணவுப் பொருள்களும், கடல் கடந்து குதிரைகளும் வந்து குவிந்ததாகப் பட்டினப்பாலை கூறும் ஊர் அது. 2ஆம் நூற்றாண்டில் தாலமி என்னும் கிரேக்க அறிஞர் ‘கபேரிஸ்’ என்று குறித்ததும் இவ்வூரையே என்றார் சிஸ்டர்.

ஆனால் மாளிகைகள் எங்கே? மணலும் அலையுமே கண்ணில் பட்டன. எங்கள் முகங்கள் வாடின. அருகே கீழையூரில் 1960களில் அகழ்ந்து கண்ட செங்கல் படகுத்துறையைப் பற்றிச் சிஸ்டர் விளக்கியும் மனம் ஆறவில்லை.

கரையில் கருவாடு விற்ற அம்மா ஒருவர், “என்ன தேடுறீங்க கண்ணுங்களா?” என்றார்.

“கடல் கொண்டுபோன ஊரை அம்மா!” என்றோம்.

“2004 டிசம்பர் 26ஆம் தேதி எங்க வீட்டையும் இதே கடல்தான் கொண்டுபோச்சு. அதுக்காகக் கடலை விட்டுட்டு எங்கே போறது?” என்றவர் கருவாட்டைப் புரட்டத் தொடங்கினார்.

திரும்பும்போது நாங்கள் பாடவில்லை. மணிமேகலைப் பாடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த ‘கடல்கோள்’ என்னும் சொல்லுக்கு அன்றுதான் பொருள் விளங்கியது. மாளிகைகள் மறைந்தன, அக்கரையில் வாழும் மக்களோ இன்றும் மறையவில்லை.