மிடறு

நான்கு விரல்கள் பெரியவரின் கழுத்தில் ஏணிப்படிபோல் அமர்ந்திருந்தன. ஆள்காட்டி விரல் தாடைக்கு அடியில், நடுவிரல் நாக்கடி எலும்பின்மேல், மோதிர விரலும் சுண்டுவிரலும் குரல்வளையின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும். “ஐயா, தண்ணிய வாயிலயே வச்சிருங்க… இப்ப முழுங்குங்க.” நான் பெரியவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பீச் தெரபிஸ்டின் கண் சுவரில் இருந்தது. நாக்கு அசைந்து எவ்வளவு நேரம் கழித்துக் குரல்வளை மேலே ஏறுகிறது, முழுசாக ஏறுகிறதா என்பதை விரல்களே அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

“ஆ சொல்லுங்க ஐயா.” வந்த குரலில், குடத்துக்குள் தண்ணீர் தளும்புவதுபோல் ஓர் ஈரம். குரல்நாண்களின்மேல் தண்ணீர் தேங்கியிருப்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். படம் எடுத்துப் பார்க்கும்வரை வாய்வழியாக எதுவும் வேண்டாம் என்று குறிப்பேட்டில் எழுதினார்.

மதுரையில் ஒரு மருத்துவமனை. பெரியவர் டீக்கடை மாஸ்டர். பக்கவாதம் வந்து பன்னிரண்டு நாள், மூக்கில் டியூப். ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் திக்குவாய்க்கும் பேசாத பிள்ளைகளுக்கும் மட்டும்தான் என்று அவர் மனைவி நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மிடறு என்றால் தமிழில் தொண்டை. ஒரு வாய் தண்ணீரும் மிடறுதான். அந்த ஒரு மிடறு இறங்க ஐந்து இணை மூளை நரம்புகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். மூச்சு நிற்கும், குரல்வளை மேலேறி முன்னே நகரும், அதன் மூடி கவிழும், குரல்நாண்கள் ஒட்டிக்கொள்ளும், உணவுக்குழலின் வாய் திறக்கும். தொண்டைக்குள் நடக்கும் இவ்வளவும் ஏறக்குறைய ஒரு நொடிக்குள் முடியும். பக்கவாதத்தில் இந்த ஒழுங்கு குலைகிறது. சோற்றைவிடத் தண்ணீர் சுலபம் என்று நாம் நம்புகிறோம். ஆனால் கதவு சாத்துவதற்குள் ஓடி நுழைந்துவிடுவது தண்ணீர்தான்.

புரையேறினால் தலையில் தட்டி, “யாரோ நினைக்கிறாங்க” என்போம். இருமல் வந்துகொண்டிருக்கும்வரை அந்த ஆளுக்குக் காவல் இருக்கிறது. சிலருக்குத் தொண்டையின் உணர்ச்சியே மரத்துவிடுகிறது. நுரையீரலுக்குள் கஞ்சி இறங்கும், இருமல் வராது. இதைக் கேட்டபோது என் அப்பத்தா நினைவுக்கு வந்தார். கை கால் விழுந்து படுத்தபடி கிடந்தவருக்கு நாங்கள் மாறிமாறி ஸ்பூனில் கஞ்சி ஊட்டினோம். ஒருமுறைகூட இருமவில்லை. நன்றாக இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டோம். பத்தாம் நாள் காய்ச்சல், பிறகு நிமோனியா. நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்ட வேண்டும் என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எக்ஸ்ரே அறையில் பெரியவரைப் பக்கவாட்டில் உட்காரவைத்தார்கள். தண்ணீரில் பேரியம் கலந்து ஒரு ஸ்பூன். திரையில் கறுப்புத் திரவம் நாக்கைத் தாண்டியது; குரல்வளை அசையாமல் நின்றது; மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று மூச்சுக்குழலுக்குள் இறங்கியது. பெரியவர் அமைதியாக உட்கார்ந்திருந்தார். இருமவே இல்லை. எனக்கு வயிறு பிசைந்தது.

“இப்ப தாடையை நெஞ்சோட ஒட்டுங்க ஐயா. அப்படியே முழுங்குங்க.” இந்த முறை கொஞ்சம் கெட்டியான பேரியம். கோடு விழவில்லை. கோளாறைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல், அதே படத்திலேயே மருந்தையும் சோதித்துப் பார்க்கும் இந்த முறையை வளர்த்தெடுத்தவர் அமெரிக்காவின் ஜெரி லோகமன். 1983-ல் வெளிவந்த அவருடைய நூல்தான் இந்தத் துறைக்கு அடித்தளம். தாடையைத் தாழ்த்துவது எல்லோருக்கும் பலிக்காது. தொண்டையின் ஒரு பக்கம் மட்டும் செயலிழந்தவர்கள் தலையைச் செயலிழந்த பக்கமாகவே திருப்ப வேண்டும். அந்த வழி அடைபட்டு, நல்ல பக்கமாக உணவு இறங்கும். யாருக்கு எது என்பதை ஊகத்தில் சொல்ல முடியாது.

பிறகு சமையல் பாடம். திரவத்தைக் கெட்டியாக்கும் பொடி கடையில் கிடைக்கிறது. மாதக்கணக்கில் வாங்க எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. கேப்பைக் கூழும் அரிசிக் கஞ்சியும் உதவும். ஆனால் எச்சில் பட்ட கூழ் நீர்த்துப்போகும், ஆறினால் இறுகும். அதனால் வாயில் வைத்த ஸ்பூனைக் கிண்ணத்தில் போடக் கூடாது, குடிக்கும் சூட்டில்தான் அளந்து பார்க்க வேண்டும். அளக்க ஒரு சிரிஞ்ச். ஊசி கிடையாது, 10 மில்லி வரை நிரப்பி, அடியை அடைத்திருக்கும் விரலை எடுத்து 10 நொடி விட வேண்டும். தண்ணீர் முழுக்க ஓடிவிடும். பெரியவருக்கு 4-க்கும் 8-க்கும் இடையில் மீதம் நிற்க வேண்டும். பெரியவரின் மனைவி விரலை எடுத்து, உதடு அசைய எண்ணினார். ஆறில் நின்றது.

“ரசஞ்சோறு குடுக்கலாமா பாப்பா?”

“இப்ப வேணாம்மா. ரசம் முந்தி ஓடிரும், பருக்கை பிந்திப் போகும். ரெண்டையும் சேத்து அவரால சமாளிக்க முடியாது.”

வாய் சுத்தம் பற்றித்தான் தெரபிஸ்ட் அதிகநேரம் பேசினார். டியூபில் சாப்பாடு போனாலும் பல்லையும் நாக்கையும் துலக்க வேண்டும். வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு இறங்கினாலே நுரையீரல் கெடும். கெட்டித் தண்ணீர் குடிக்க யாருக்கும் பிடிப்பதில்லை. குறைத்துக் குடித்து உடம்பு வறண்டுவிடும் என்பதால் தினமும் எத்தனை டம்ளர் என்று எழுதிவைக்கச் சொன்னார். கெட்டியாக்குவதையே முழு வைத்தியமாக நினைத்துவிடக் கூடாது என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பயிற்சி தனியாக இருக்கிறது: மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்ப்பது, ஒரு நிமிடம், மூன்று தடவை. பெரியவருக்கு அது இன்னும் சில நாள் கழித்து.

கடைசியில் டீ வந்தது. பொடி கலந்து, சிரிஞ்சில் சொட்டவிட்டுச் சரிபார்த்த டீ. தாடையைத் தாழ்த்தி முதல் ஸ்பூனை முழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது. ஐந்தாவது ஸ்பூன் முடிந்ததும், இழுத்து இழுத்து, “டிக்காஷன்… பத்தல” என்றார்.

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தெரபிஸ்ட் தலையைச் சாய்த்து அந்தக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஈரமில்லை.